ஹந்தானையில் முளைத்த மாயாபூர்

கண்டி நகரத்துக்கு மேலே உள்ள ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் 1983இல் ஒரு பொய்க் கிராமம் முளைத்தது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்’ படத்துக்காகக் கட்டிய மாயாபூர் அது. கதையில் இந்திய அரசு கேட்ட மாற்றங்களைப் படக்குழு ஏற்கவில்லை. அதனால்தான் இந்தியக் கதை கண்டிக்கு வந்தது. மறுவருடம் படம் வெளியானபோது அதன் கோரக் காட்சிகளுக்குக் கண்டனம் எழுந்தது. அமெரிக்கத் தணிக்கையில் ‘பிஜி-13’ என்ற புதுப் பிரிவு பிறக்க அதுவும் ஒரு காரணம்.

உயிரோடு இருப்பவனின் இதயத்தைப் பிடுங்கும் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பயங்கரம் சாப்பாட்டுக் காட்சிகள். பஞ்சத்தில் வாடும் மாயாபூர் மக்கள், இருப்பதை எடுத்து விருந்தாளிகளுக்கு வைக்கிறார்கள். கதாநாயகி முகம் சுளிக்கிறாள். ஒரு வாரத்துக்கு இவர்கள் சாப்பிடுவதே இவ்வளவு இல்லை என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறகு பங்கோட் அரண்மனையில் தடபுடலான விருந்து. அந்த அரண்மனைக்கு அடியிலேயே, சுரங்கத்தில், அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் அடிமைகளாக மண் தோண்டுகிறார்கள். வசதி மேலே, அதன் விலை நிலத்துக்கு அடியில்: ஜோர்டன் பீலின் ‘அஸ்’ (2019) எடுத்துக்கொண்ட உருவகமும் இதுதான்.

ஆனால் ஸ்பீல்பெர்க்கின் படம் பழியை முழுக்க, பிள்ளைகளை அடிமையாக்கிய காளி பூசாரியின் தலையில் கட்டுகிறது. கடைசியில் காப்பாற்ற வருவது பிரிட்டிஷ் படை. கதை நடப்பது 1935இல். அப்போது இந்தக் கண்டி மலைகளில் பிள்ளைகளை வேலை வாங்கியது யார்? 1927இல் தோட்டங்களுக்கு வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி, பிள்ளைக்கு ஒரு கூலி. பிள்ளை உழைப்புக்குச் சட்டமே விலை போட்டிருந்தது. மேட்டில் துரை பங்களா; பள்ளத்தில் பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் முழுக் குடும்பம். கேமரா வந்த 1983இலும் தோட்ட மக்களில் பல்லாயிரம் பேருக்குக் குடியுரிமை இல்லை.

தோட்டத்து மக்கள் தங்கள் பயத்துக்கு உருவம் கொடுத்தபோது இப்படித் தடுமாறவில்லை. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரின் இயந்திரச் சக்கரத்தில் குடியிருக்கிறது அவர்களின் தெய்வமான ரோதைமுனி. கையை இழுத்துக்கொள்ளக்கூடிய சக்கரத்துக்கே படையல் போட்டுக் கும்பிட்டார்கள். ஆபத்து எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

ஹந்தானையின் பழைய ஸ்டோர் இன்று தேயிலை அருங்காட்சியகம். கொழுந்து அரைத்த பழைய இயந்திரங்கள் அங்கே காட்சிக்கு நிற்கின்றன. மலையகத்தில் கேமரா தூக்கும் பிள்ளைகள் தங்கள் திகில் படத்தை அந்தச் சக்கரங்களிலிருந்து தொடங்க வேண்டும். அதில் முனி யாரைப் பிடிக்க வேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானிக்கட்டும்.