தேய்மானமா, அழற்சியா? முழங்காலின் உள்ளே காட்டும் எம்.ஆர்.ஐ.

பிள்ளையார்பட்டி கற்பக விநாயகர் சந்நிதியில் தோப்புக்கரணம் போட இயலாமல், தலையில் குட்டிக்கொண்டு மட்டும் திரும்பும் பெரியவர்கள் பலர். வயதானதால் மூட்டுத் தேய்ந்துவிட்டது என்று அவர்களே முடிவுசெய்து விடுகின்றனர். ஆனால், எல்லா முழங்கால் வலிக்கும் தேய்மானம் மட்டுமே காரணம் அன்று.

மூட்டின் உட்புறத்தை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியுள்ளது. மூட்டு எளிதாக அசைவதற்கான நீரைச் சுரப்பது அதுவே. முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பாற்றல் இச்சவ்வையே தாக்குகிறது. அழற்சியுற்ற சவ்வு தடித்து, நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. எக்ஸ்-ரே இந்த அரிப்பைக் காட்டும். அதற்கு முந்தைய அழற்சியைத் தெளிவாகக் காட்டாது. அரிக்கப்பட்ட குருத்தெலும்பு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகவே, அழற்சியை முன்னரே அறிவது முக்கியம்.

சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் தடித்த சவ்வையும் அதனருகே தேங்கிய நீரையும் பிரித்தறிவது கடினம். அதனால், தேவைப்படுவோர்க்குக் கையில் ஊசி வழியாகக் கடோலினியம் அடங்கிய மருந்தைச் செலுத்துகிறோம். அழற்சியுள்ள இடத்தில் இரத்த ஓட்டம் மிகுதி. அங்கே மருந்து விரைந்து சேர்வதால் சவ்வு வெண்மையாகத் தெரியும். நீர் கருமையாக இருக்கும். சிறிது நேரத்தில் மருந்து நீரிலும் கலந்துவிடும். ஊசி போட்ட சில நிமிடங்களுக்குள் படமெடுப்பதும், அசையாமல் படுத்திருக்கச் சொல்வதும் இதனாலேயே.

இவ்வகை மருந்து 1988 முதல் பயன்பாட்டில் உள்ளது. இதில் எக்ஸ்-ரே கதிர்வீச்சு இல்லை. எனினும், சிறுநீரகம் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு இவற்றுள் சிலவற்றால் தோல் இறுகும் நோய் நேரக்கூடும் என்பது 2006ஆம் ஆண்டில் தெரியவந்தது. எனவே, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், மருந்து ஒவ்வாமை, பேஸ்மேக்கர், உடலினுள் உள்ள உலோகம் ஆகியவற்றை முன்கூட்டியே எங்களிடம் தெரிவியுங்கள். தாலி, மெட்டி, மூக்குத்தி ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். வெறுங்கழுத்தோடு இருக்க மனம் ஒப்பாதோர் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கோத்து அணிந்து வரலாம்.

இப்பரிசோதனை எல்லோருக்கும் தேவைப்படாது. பலருக்கு நேரடிப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டுமே போதும். ஆனால், காலையில் மூட்டு இறுக்கம் அரைமணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தாலோ, தைலம் தடவியே நாள்களைக் கடத்தாதீர்கள். அழற்சியை அடக்கும் மருந்துகள் உண்டு. அவற்றைக் காலத்தே தொடங்கினால் மூட்டைக் காக்கலாம்.