நிமிஷத்துக்கு ஐந்நூறு ரூபாய்!

போன வருஷம் அரைப் பரீட்சை லீவு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சென்னைக்கு வெளியே ஒரு தீம் பார்க். பெயர் வேண்டாம், ஏனென்றால் தப்பு முழுக்க என் மேல்தான்.

இட்லிக்குச் சட்னி போதாமல் மறுபடி அரைத்து, அப்பாவின் மூக்குக் கண்ணாடியைத் தேடி, ஆடி அசைந்து போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. ஊரே எங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தது. சாயங்காலம் ஆறு மணி வரை நாங்களும் நின்றோம். ஏறியது மொத்தம் நாலு ரைடு. ஒவ்வொன்றும் மூணு நிமிஷம்.

நான் பி.காம். கை சும்மா இருக்குமா? டிக்கெட், வண்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய். சந்தோஷம் 12 நிமிஷம். நிமிஷத்துக்கு 500 ரூபாய்!

பணம் போனால் போகட்டும். ஒரு ரைடுக்கு ஒரு மணி பத்து நிமிஷம் நின்று வாசலுக்குப் போனோம். அங்கே ஒரு அளவுகோல். 120 சென்டிமீட்டர் வேண்டுமாம். ஒண்ணாம் கிளாஸ் படிக்கும் என் மகள் 117. ஊழியர் நல்ல மனுஷர். "அடுத்த வருஷம் வாம்மா" என்றார். அத்தனை பேரும் பார்க்க, வரிசையில் வந்த வழியே திரும்பி நடந்தோம். அவள் அழவில்லை. ராத்திரி படுக்கும்போதுதான் கேட்டாள்: "அப்பா, நான் குள்ளமா?"

வீட்டுச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. இருக்கையின் தடுப்புக் கம்பி ஒரு அளவு உடம்புக்காகச் செய்யப்பட்டது. அதற்குக் குறைந்தால் நழுவும் ஆபத்து. அதனால்தான் உயரக் கணக்கு. இது பார்க்குக்குப் பார்க், ரைடுக்கு ரைடு மாறும். போகுமுன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் அதே லீவு, அதே பார்க். இந்தத் தடவை ஆடிட்டுக்குப் போவது மாதிரி தயாரானேன்.

முதலில் வரிசைக் கணக்கு. டென்மார்க்கில் டெலிபோன் கம்பெனிக்காக வேலை பார்த்த ஏர்லாங் என்பவர் 1909-லேயே இந்த மாதிரிக் காத்திருப்புகளைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். நமக்கு அவ்வளவு வேண்டாம், வகுத்தல் தெரிந்தால் போதும். ஒரு ரைடில் 24 பேர். ஏற்றி, சுற்றி, இறக்க 6 நிமிஷம் என்றால் மணிக்கு 10 நடை, 240 பேர். உங்களுக்கு முன்னால் 300 பேர் நின்றால் ஒண்ணேகால் மணி நேரம். வரிசையில் சேருமுன் ஒரு நடைக்கு வாட்ச்சைப் பாருங்கள், தலைகளை எண்ணுங்கள். வேண்டாம் என்றால் நடையைக் கட்டுங்கள்.

கூட்டம் ஒன்றும் புதுசில்லை. அமெரிக்காவில் 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தபோதே கள்ள டிக்கெட்டோடு ஆயிரக்கணக்கானோர் உள்ளே புகுந்து அமளியாகிவிட்டது. தனி வரிசைச் சீட்டு முறையை டிஸ்னி கொண்டுவந்தது 1999-ல். இப்போது நம்மூரிலும் பல பார்க்குகளில் கூடுதல் காசுக்கு அப்படி ஒரு டிக்கெட் உண்டு. சாதாரண நாளில் அது தண்டச் செலவு. பண்டிகை நாளில் மட்டும் யோசிக்கலாம்.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிட்டேன். கேட் திறக்குமுன் வாசலில் நின்றோம். எல்லோரும் முதலில் கண்ணில் பட்ட ரைடுக்கு ஓட, நாங்கள் கடைசியில் இருந்த பெரிய ரைடுக்கு நடந்தோம். ஊர் சாப்பிடுமுன் பதினொன்றரைக்கே சாப்பாடு. மத்தியானம் கும்பல் அலைக்குளத்துக்குப் போனதும் நாங்கள் மற்ற ரைடுகளுக்கு. தண்ணீரில் இறங்கப் பருத்தித் துணி பல இடங்களில் ஆகாது என்பதால் நைலான் உடைகளை வீட்டிலிருந்தே எடுத்துப் போனோம். அங்கே வாங்கினால் அது தனிச் செலவு.

முக்கியமான ஒன்று. செல்போன் லாக்கருக்குப் போய்விடும். போன தடவை நாற்பது நிமிஷம் மனைவியைத் தொலைத்தேன். நம்பர் போனுக்குள் இருந்தது, மண்டைக்குள் இல்லை! இந்தத் தடவை ஒரு மரத்தடியைக் குறித்துக்கொண்டோம். அங்கே அப்பா பையோடு உட்கார்ந்துவிட்டார். "எனக்கு இதுதாண்டா ரைடு" என்றார்.

அந்த அளவுகோல் வந்தது. மகள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நின்றாள். 122. ஊழியர், "ம்... போகலாம்" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே... சொல்லத் தெரியவில்லை.

என் திட்டத்தில் ஒரே ஓட்டை. அவளோடு பெரியவர் ஒருவர் ஏற வேண்டுமாம். எனக்கோ மூணாவது மாடி பால்கனியிலேயே தலை சுற்றும். மேலே போனதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். பக்கத்திலிருந்து குரல்: "பயப்படாதேப்பா, மூணு நிமிஷம்தான்!"

அன்றைக்குப் பதினோரு ரைடு, 33 நிமிஷம். செலவு 6,600.

திரும்பும்போது அப்பா கேட்டார்: "டேய், இந்த வருஷம் நிமிஷம் என்ன விலை?"

"இருநூறுப்பா."

"பரவாயில்லையே, விலைவாசி இறங்கிடுச்சு!" என்றார்.