உங்களுக்குத் தெரியுமா? – ஸ்லாம் டங்க் சிறப்புத் துணுக்குகள்

★ 'ஸ்லாம் டங்க்' தொலைக்காட்சித் தொடர் 1993 முதல் 1996 வரை 101 அத்தியாயங்கள் ஓடியது. ஆனால், அதன் மூலமான கூடைப்பந்து மங்காவின் (ஜப்பானியச் சித்திரக்கதை) உச்சகட்டமான ஷோஹோகு – சன்னோ பள்ளி அணிகளின் ஆட்டத்தைத் தொடாமலே முடிந்துபோனது. அதைத் திரையில் பார்க்க ரசிகர்கள் கால் நூற்றாண்டு காத்திருந்தார்கள். 2022 டிசம்பர் 3 அன்று 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' திரைப்படம் வெளியானது.

★ மங்காவை வரைந்த தகேஹிகோ இனோவேதான் படத்தின் கதை, இயக்கம் இரண்டும். பள்ளி நாட்களில் கூடைப்பந்து ஆடியவர். அவர் இயக்கிய முதல் படம் இதுவே.

★ மங்காவின் நாயகன் சிவப்புத் தலை சகுராகி. படமோ அவனுடைய ஷோஹோகு அணித்தோழன், 168 செ.மீ. உயர ரியோதா மியாகியைப் பின்தொடர்கிறது. ஒகினாவாவில் அவனுக்குப் பந்தாடக் கற்றுக்கொடுத்த அண்ணன் கடலுக்குப் போனான், திரும்பவில்லை. அந்த அண்ணனின் கைப்பட்டையை அணிந்துதான் மியாகி சன்னோவுக்கு எதிராக ஆடுகிறான். தெரிந்த ஆட்டத்தையே தெரியாத ஒருவனின் வலியோடு பார்க்கவைத்த இந்த முடிவுதான் படத்தின் உயிர்.

★ தொடக்கக் காட்சியைத் தவறவிடாதீர்கள். வெறும் தாள், அதில் பென்சில் கோடுகள். கோடுகள் சேர்ந்து மியாகி ஆகின்றன, அவன் நடக்கத் தொடங்குகிறான். பிறகு அணித்தோழர்கள் மிட்சுயி, அகாகி, ருகாவா, கடைசியில் சகுராகி.

★ சன்னோ ஆட்டத்தின் இறுதி நொடிகளை மங்காவில் வசனமே இல்லாமல் வரைந்திருந்தார் இனோவே. படத்திலும் அந்த நொடிகளில் சத்தம் அடங்கிவிடுகிறது. பின்னணி இசையை முழங்கவிட்டிருந்தால் எல்லாம் பாழாகியிருக்கும்!

★ பழைய தொடரின் குரல் கலைஞர்கள் எவரும் படத்தில் முதன்மைப் பாத்திரங்களுக்குப் பேசவில்லை. செய்தி வெளியானதும் ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனாலும் ஜப்பானில் மட்டும் வசூல் 1,500 கோடி யென்னைத் தாண்டியது. ஜப்பான் அகாடமியின் 2023ஆம் ஆண்டுக்கான சிறந்த அனிமேஷன் பட விருதும் கிடைத்தது.

★ 2004 டிசம்பரில், கனகாவா மாநிலத்தில் மூடப்பட்டிருந்த மிசாகி உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தார் இனோவே. கதை முடிந்து பத்து நாளுக்குப் பிறகு மங்காவின் பாத்திரங்கள் என்ன செய்கிறார்கள் என்பதை வகுப்பறைக் கரும்பலகைகளில் சாக்பீஸால் வரைந்தார். மங்கா 10 கோடி பிரதிகள் விற்றதற்காக வாசகர்களுக்கு அவர் சொன்ன நன்றி அது.

★ கமகுராவில் கடலோர ரயில்வே கேட் ஒன்றில் எப்போதும் கூட்டம். தொடரின் தொடக்கப் பாடலில் வரும் இடம் அது.

★ இளம் வீரர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிப் படிக்கவும் ஆடவும் வைக்க, 2006இல் 'ஸ்லாம் டங்க்' பெயரிலேயே உதவித்தொகை தொடங்கினார் இனோவே. முதலில் தேர்வானவர் நரிதோ நமிசாதோ. மியாகியைப் போலவே ஒகினாவாக்காரர். அவனைப் போலவே ஆட்டத்தை நகர்த்தும் பாயின்ட் கார்ட்.