நடுக்கடலில் சமையல்: எந்த அடுப்பு என்பதைவிட சிலிண்டர் எங்கே என்பதுதான் முக்கியம்... ஏன்?

சென்னை காசிமேட்டிலிருந்து தங்குகடலுக்குப் போகும் விசைப்படகு ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் கரை திரும்பும். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் படகுகள் ஒரு மாதம்கூட கடலிலேயே இருப்பதுண்டு. படகில் பத்து பேர் என்று வைத்துக்கொண்டால், மூன்று வேளையும் சோறு, மீன் குழம்பு, நடுநடுவே டீ. இத்தனையும் வேகுவது, ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத ஒரு மூலையில். அடுப்பு? பெரும்பாலும் நம் வீட்டில் இருக்கும் அதே இரட்டை பர்னர் கேஸ் அடுப்புதான்.

வீட்டு அடுப்பு படகிலும் நன்றாகவே எரியும். பிரச்சினை அது எரியாமல் இருக்கும்போதுதான்.

கசிந்த கேஸ் எங்கே போகும்?

எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் மாதிரி கீழே இறங்கும். வீட்டில் கதவைத் திறந்துவிட்டால் வாசல் வழியாக வெளியே போய்விடும். படகு அப்படியில்லை. தண்ணீர் உள்ளே வராதபடி கட்டப்பட்ட ஒன்றிலிருந்து கேஸ் மட்டும் எப்படி வெளியேறும்? டெக்கில் உள்ள இடைவெளிகள் வழியாக எஞ்சின் ரூமுக்கும், அதற்கும் கீழே படகின் அடிவயிற்றுக்கும் போய்த் தேங்கிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ எல்.பி.ஜி. ஆவியானால் 400 லிட்டருக்கு மேல் வாயு கிடைக்கும். காற்றில் வெறும் 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும் நிலை வந்துவிடும். அதாவது ஒரு கிலோ கேஸ், பத்துக்கு எட்டு அடி படுக்கையறை ஒன்றை வெடிக்கத் தயாரான அறையாக மாற்றப் போதும். அடியில் தேங்கி நிற்கும்போது அவ்வளவுகூட தேவையில்லை. அங்கே பேட்டரி, செல்ஃப் மோட்டார், தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் சுவிட்ச் எல்லாம் இருக்கின்றன. விடியற்காலையில் டிரைவர் செல்ஃப் போடும் அந்த ஒரு நொடி போதும்.

கசிவைக் கண்டுபிடிக்க கேஸில் நாற்றமூட்டும் பொருள் கலக்கப்படுகிறதே என்று கேட்கலாம். ஆனால் கேஸ் தேங்குவது காலுக்குக் கீழே, மூக்கு இருப்பது ஐந்தடி மேலே. நடுவில் டீசல் வாடை, மீன் வாடை வேறு.

விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் 2023 நவம்பரில் ஒரே இரவில் சுமார் 40 படகுகள் எரிந்தன. அங்கே தீ தொடங்கியது அடுப்பில் அல்ல. ஆனால் படகுகளில் இருந்த டீசலும் சமையல் சிலிண்டர்களும்தான் அதைக் கட்டுக்கடங்காமல் ஆக்கின. ஃபைபர் படகின் ரெசின், நைலான் வலை, டீசல் டேங்க் என்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் எல்லாமே எரியக்கூடியவை.

இண்டக்ஷன் வைத்துவிட்டால் என்ன?

நல்ல கேள்வி. தீ இல்லை, கேஸ் இல்லை. ஆனால் 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பை 24 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 12 வோல்ட் என்றால் அது இரட்டிப்பாகும். பத்து பேருக்குச் சோறு வடித்து முடிப்பதற்குள் பேட்டரி படுத்துவிடும். நடுக்கடலில் சோறு வெந்தும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாத நிலை யாருக்கு வேண்டும்? தனி ஜெனரேட்டர் உள்ள பெரிய படகுக்கு மட்டுமே இது சரிவரும்.

மண்ணெண்ணெய் அடுப்பில் ஒரு நன்மை உண்டு: எண்ணெய் சிந்தினாலும் கேஸ் மாதிரி உடனே வெடிக்கும் கலவையாகாது. ஆனால் படகு ஆடும்போது சூடான அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது தீக்காயத்தை அழைப்பதுதான். ரேஷன் மண்ணெண்ணெய் குறைந்துபோனதால் அந்தப் பேச்சும் குறைந்துவிட்டது.

விறகு, கரியைத் திறந்த டெக்கில் எரிக்கலாம். மழைக்காலத்தில் கரி அடுப்பை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்துவதுதான் ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று அதன் அறிகுறிகள் கடல் ஒவ்வாமை போலவே இருப்பதால், ‘கொஞ்சம் படுத்தால் சரியாகிடும்’ என்று அதே அறையில் படுப்பவர் எழுந்திருக்காமலேயே போகலாம். காற்றோட்டம் இல்லாத அறையில் கேஸ் அடுப்பும் இதே வாயுவை உண்டாக்கும்.

ஆக, நடைமுறையில் மிஞ்சுவது கேஸ்தான். அடுப்பு வாங்கும்போது ஒன்றை மட்டும் கேட்டு வாங்குவது நல்லது: தீ அணைந்தால் தானாகவே கேஸை நிறுத்தும் வசதி. கடற்காற்றிலும், பொங்கி வழியும் கஞ்சியிலும் தீ அணைவது அன்றாடம் நடப்பது. சாதாரண அடுப்பில் அதன் பிறகும் கேஸ் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். அந்த வசதி உள்ள அடுப்பு கொஞ்சம் விலை கூடுதல்தான். கொடுக்கலாம்.

சிலிண்டர் எங்கே இருக்க வேண்டும்?

வெளியே. திறந்த டெக்கில், எஞ்சின் ரூம் மூடியிலிருந்து தள்ளி. வெளிநாட்டுப் பாய்மரப் படகுகளில் சிலிண்டருக்கென்று தனிப் பெட்டி உண்டு. அதன் கதவு மேலே மட்டும் திறக்கும். படகின் உள்பக்கத்தோடு எந்தத் தொடர்பும் இருக்காது. அடியில் கடலைப் பார்த்து ஒரு ஓட்டை இருக்கும். கசியும் கேஸ் அந்த வழியாகக் கடலுக்குப் போய்விடும், அவ்வளவுதான். எந்த மின்னணுக் கருவியும் தேவைப்படாத இந்த ஏற்பாட்டை நம்மூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துவிடலாம். ஓட்டை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சாய்ந்தால் வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டர் வழியாக வந்து, தீ சட்டென்று உயர எழும்பும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கட்டு போடுவது அவசியம். காலி சிலிண்டரிலும் கேஸ் மிச்சம் இருக்கும். அதையும் உள்ளே உருட்டிவிடக் கூடாது. சின்னப் படகுக்கு 5 கிலோ சிலிண்டரே போதும், அடையாள அட்டை காட்டினால் கிடைக்கும்.

கம்பி பின்னிய ஆரஞ்சு நிற டியூபை வீட்டில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். உப்புக்காற்று அவ்வளவு காலம் பொறுக்காது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது சோதனை அல்ல, விபரீதம்.

சமைத்து முடித்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூட வேண்டும். டியூபில் மிச்சமிருப்பது எரிந்து தீ தானாக அணைந்த பிறகே அடுப்பின் திருகை மூட வேண்டும்.

ஆடும் படகில் கொதிக்கும் குழம்பு

தீக்காயம் என்றாலே தீயைத்தான் நினைக்கிறோம். ஒரு அலை போதும், குழம்புச் சட்டி மடியில் கவிழ. அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பியில் பாத்திரத்தை இறுக்கிப் பிடிக்கும் சட்டம், பாதிக்கு மேல் நிரப்பாத ஆழமான பாத்திரம், பூட்டும் மூடியுள்ள குக்கர் என்று எளிய வழிகள்தான் இதற்கு. அடுப்புக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்பதும் ஒரு பழக்கம். அப்பளம் பொரிப்பதைக் கரைக்கு வந்தபின் வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியாலோ நனைத்துப் பிழிந்த சாக்காலோ மூட வேண்டும். பவுடர் தீயணைப்பான் சமையல் மூலைக்குள் அல்ல, அதற்கு வெளியே மாட்டப்பட்டிருக்க வேண்டும். தீயைத் தாண்டிப் போய் யாரும் அதை எடுக்க முடியாது.

கேஸ் வாடை வந்துவிட்டால்?

வால்வை மூடு. பீடி, சிகரெட், எஞ்சின் எதுவும் கூடாது. சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி வரும். எல்லாரும் டெக்குக்கு வந்து, மூடிகளைத் திறந்துவிட்டு, அடியில் தேங்கியதை பிளாஸ்டிக் வாளியால் மொண்டு கடலில் கொட்ட வேண்டும். வெறும் வாளியை வீசுவது மாதிரித்தான் தெரியும். ஆனால் கனமான வாயு என்பதால் உண்மையிலேயே தண்ணீர்போல இறைக்கலாம். வாடை முழுக்கப் போன பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்துதான் எஞ்சினைத் தொட வேண்டும். உதவிக்கு வி.எச்.எஃப். 16-வது சேனல், கடலோரக் காவல் படையின் 1554. சுவிட்சுக்குச் சொன்னது போனுக்கும் பொருந்தும். திறந்த டெக்கில் தள்ளி நின்றே பேச வேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் படகுகள் கரையில்தான். எஞ்சின் வேலை, பெயின்ட் எல்லாம் அப்போதுதான் நடக்கும். சிலிண்டரை வெளியே மாற்றி, பெட்டி அடித்து, ஒரு ஓட்டை போடுவது அந்த வேலைகளோடு ஒருநாள் வேலைதான்.