பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது?

சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரை அதிகம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரண்டும் பங்காளிகள். ஹெரால்டின் சேஸிஸை நீளம் குறைத்து, பக்கச் சட்டங்களை எடுத்துவிட்டு, இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த பாடியை மேலே வைத்தால் ஸ்பிட்ஃபயர். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியரான ஜோவன்னி மிக்கெலோட்டி. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கம் சாய்ந்து திறக்கும் அழகும் இரண்டுக்கும் பொது. 1961இல் டிரையம்ஃப் நிறுவனம் கைமாறியபோது, ஆலை மூலையில் துணி போர்த்திக் கிடந்த மாதிரிக் காரைப் புது முதலாளிகள் கண்டெடுத்து உற்பத்திக்குச் சரி என்றார்கள். 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. இன்று இங்கிலாந்தில் சம்பளக்காரர் ஒருவர் துருப்பிடித்த ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிப் புதுப்பிக்க ஆசைப்பட்டால், முதலில் கண்ணில் படுவது இதுவாகவோ இதே காலத்து எம்ஜிபியாகவோ இருக்கும்.

‘ஷெட்டுக்குள் புதையல்’ என்று எழுதித் தரும்படிதான் ஆசிரியர் கேட்டார். ஆளை இழுக்கும் தலைப்புதான். பிரான்ஸ் கிராமப்புறத்தில் ஒரு கொட்டகைக்குள் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர் ஒன்று, 2015இல் பாரிஸ் ஏலத்தில் 1.6 கோடி யூரோவுக்கு மேல் போனது. மஜ்ஜோரே ஏரியின் அடியில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஊறிக் கிடந்த 1925ஆம் ஆண்டு புகாட்டியை 2009இல் மேலே தூக்கினார்கள். அடுத்த ஆண்டே அது 2,60,000 யூரோவுக்கு விலைபோனது. வாங்கிய அருங்காட்சியகம் அதைப் புதுப்பிக்கக்கூட இல்லை, துருவோடு அப்படியே காட்சிக்கு வைத்தது. இந்தக் கதைகளைப் படித்துவிட்டுத்தான் பலர் பக்கத்து ஊர் ஷெட்டில் கிடக்கும் ஸ்பிட்ஃபயரைத் தேடிக் கிளம்புகிறார்கள். வில்லங்கம் அங்கே ஆரம்பிக்கிறது.

கணக்கு எளிது. ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போகக்கூடிய நல்ல ஸ்பிட்ஃபயர் 15,000 பவுண்டைத் தாண்டுவது அபூர்வம். பாதி விலைக்கே கிடைப்பதும் உண்டு. துருப்பிடித்ததை 2,000 பவுண்டுக்கு வாங்கிப் பட்டறையில் விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தகர வேலை, பெயிண்ட், உள்வேலை எல்லாம் சேர்த்து 500 மணி நேரம் என்பது கஞ்சத்தனமான மதிப்பீடு. மணிக்கு 50 பவுண்டு கூலி போட்டால் 25,000. பார்ட்ஸ் தனி. ஜாகுவார் இ-டைப் மாதிரி காருக்கு இந்தக் கணக்கு மாறும், அதன் சந்தை விலை அந்த உயரத்தில் இருக்கிறது. ஸ்பிட்ஃபயர் வாங்குகிறவர் லாபம் பற்றிப் பேசினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். தானே வெல்டிங் செய்யத் தெரிந்தவர், சனி ஞாயிறுகளை அதற்கே நேர்ந்துவிட்டவர் என்றால் கூலி மிச்சம். அவர் தாராளமாகச் செய்யட்டும்.

காசு போனால் போகிறது. என் கவலை வேறு இடத்தில்.

கார் பார்க்கப் போகிற எல்லாரும் முதலில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்கிறார்கள். ஸ்பிட்ஃபயரில் பயப்பட வேண்டாத உறுப்பு என்று ஒன்று உண்டென்றால் அது எஞ்சின்தான். 1147 சிசியில் தொடங்கி 1493 சிசி வரை வளர்ந்த, சிக்கல் இல்லாத நாலு சிலிண்டர். பார்ட்ஸ் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. ஒன்றை மட்டும் பாருங்கள். யாரையாவது கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரிய முன்னே நகர்ந்தால் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அது கழன்றே விழுந்திருந்தால் எஞ்சின் பிளாக்குக்கே சேதம். அதுகூட வேறு எஞ்சின் வாங்கி மாட்டினால் தீர்கிற பிரச்சினை.

தீராத பிரச்சினை தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கதவுக்கு அடியில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே நீளும் பெட்டித் தகரத்தை ஸில் என்கிறார்கள். ஹெரால்டில் பாரம் தாங்கும் பக்கச் சட்டங்கள் சேஸிஸிலேயே இருந்தன. ஸ்பிட்ஃபயரில் அவற்றை எடுத்துவிட்டதால் அந்தப் பாரம் ஸில் தலையில் விழுந்தது. பின்சக்கரத்தை முன்பின் ஆடாமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் வந்து மாட்டுவதும் பாடித் தகரத்தில்தான். கூரையும் கிடையாது. எம்ஜிபியில் தனி சேஸிஸே இல்லை, பாடிதான் சகலமும்.

ஸ்பிட்ஃபயர் ஸில்லுக்கு வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என மூன்று அடுக்கு. ஒன்றும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாத கனம். இங்கிலாந்து குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுகிற நாடு. சக்கரம் வாரியடிக்கும் உப்புத் தண்ணீர் ஸில்லுக்குள் புகும். வடிகிற துளையைச் சேறு அடைத்துக்கொள்ளும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். தகடுகளுக்கு நடுவே அது உப்ப உப்ப, வெல்டிங் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும். வெளியே பெயிண்டில் சின்னதாக ஒரு கொப்புளம் கிளம்பும்போது, உள்ளே நடுத்தகடு இத்துப்போய் வருடங்கள் ஆகியிருக்கும்.

கென்ட் பக்கம் ஒரு வீட்டு ஷெட்டில் நின்ற சிவப்பு ஸ்பிட்ஃபயர் 1500 ஒன்றைப் பார்க்க, யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரோடு போனேன். பெயிண்டில் முகம் பார்க்கலாம். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. “அண்ணை, சத்தத்தைக் கேட்டுப் பாருங்கோ, என்ன வடிவா ஓடுது!” என்றார் நண்பர். அட்வான்ஸ் கொடுக்கிற மனநிலைக்கே வந்துவிட்டார். நான் கதவைத் திறந்து மூடினேன். கடைசி அரை அங்குலத்தில் லேசாகத் தூக்கிக் கொடுத்தால்தான் பூட்டு விழுந்தது. கீல் தேய்ந்தாலும் இப்படி ஆகும். திறந்த கதவின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன், ஆட்டம் இல்லை. கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் இடைப்பட்ட சந்தில், கீழே சுண்டுவிரல் நுழைந்தது. மேலே விசிட்டிங் கார்டு நுழைய மறுத்தது. கார் நடுவில் தொய்ந்திருக்கிறது.

கைக்குட்டையில் சுற்றிய சிறு காந்தத்தை ஸில்மேல் ஓட்டினேன். முன்னால் ஒட்டியது, நடுவில் வழுக்கியது, பின்சக்கரத்தை நெருங்கும்போது கையை விட்டதும் விழுந்துவிட்டது. விரலை மடக்கித் தட்டினால் முன்னால் டங், பின்னால் டொக். தரையில் படுத்து டார்ச் அடித்தபோது, ஸில்லின் அடிவிளிம்பில் ஓர் ஓட்டை வழியாக மஞ்சளாக ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் மாட்டுகிறவர்கள் சுவர்ச் சந்தில் பீய்ச்சுவார்களே, அந்த நுரை. இத்துப்போன பெட்டிக்குள் நுரையை நிரப்பி, மேலே மெல்லிய தகடு ஒன்றைப் போர்த்தி, பட்டி பார்த்துத் தேய்த்து, பளபளவென்று சிவப்பு அடித்திருக்கிறார்கள். விற்க நின்றவர் தானும் குனிந்து பார்த்தார். முகம் செத்துவிட்டது. அவரும் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார்.

நம்மூர் டிங்கரிடம் காட்டினால் ‘வெட்டணும்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, மூன்று தகட்டையும் புதிதாக வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் கொடுத்து இறுக்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்த பிறகுதான் மறுபக்கம். பாடியைச் சேஸிஸிலிருந்து கழற்றாமல் செய்ய வேண்டும். இதில் அவசரப்பட்டால், தொய்ந்த கார் தொய்ந்தபடியே புது வெல்டிங்கில் நிலைத்துவிடும். பிறகு எந்தக் கதவும் உட்காராது. எம்ஜிபிக்கு 1988 முதல் முழு பாடியையே புதிதாக அடித்து விற்கிறார்கள். அந்த விலைக்கு ஓடுகிற எம்ஜிபி ஒன்றை வாங்கிவிடலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். பிரிட்டனில் மூன்று வயது தாண்டிய காரை வருடாவருடம் எம்.ஓ.டி. சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். நம்மூரில் லாரிக்கும் டாக்சிக்கும் எஃப்.சி. காட்டுகிறோமே, அங்கே சொந்தக் காருக்கே ஆண்டுதோறும் உண்டு. சஸ்பென்ஷனும் சீட் பெல்ட்டும் மாட்டும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகரம் துருவில் பலமிழந்திருந்தால் ஃபெயில். தட்டிப் பார்ப்பார்கள், கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். 2018 மே 20 முதல், 40 வயது நிறைந்து பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு இந்தச் சோதனை கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டார்கள். கடைசி ஸ்பிட்ஃபயரும் கடைசி எம்ஜிபியும் ஆலையை விட்டு வந்தது 1980இல். 2020 முடிவதற்குள் அத்தனை கார்களும் விலக்கு வரம்புக்குள் வந்துவிட்டன. துரு முற்றுகிற வயதில் சோதனை நின்றுவிடுகிறது!

கார் சாலைக்குத் தகுதியாக இருப்பது உரிமையாளர் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. சரிதான். பட்டிக்கு அடியில் இருக்கும் நுரையை எந்த உரிமையாளர் பார்த்தார்? இந்தக் காரில் ஏர்பேக் கிடையாது, கூரை கிடையாது. பக்கவாட்டில் ஒரு வேன் வந்து இடித்தால் உள்ளே இருப்பவருக்கும் வேனுக்கும் நடுவே கதவுத் தகரமும் ஸில்லும்தான். ஸில்லுக்குப் பதில் நுரை இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. புதையல் கதைகளை நம்பி வாங்கி, பெயிண்ட் அடித்து, ஆறே மாதத்தில் கைமாற்றிவிடுகிற ஆட்கள் பெருகும்போது இந்தப் பயம் எனக்கு இன்னும் கூடுகிறது. அவர்களுக்குச் சாதகமாகத்தான் அந்த விலக்கு வேலை செய்கிறது.

இவை வருடத்துக்குக் கொஞ்ச தூரமே ஓடுகிற வண்டிகள், வைத்திருப்பவர்கள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்கள், வீணாகப் பயமுறுத்தாதீர்கள் என்று ஆர்வலர்கள் சொல்வதுண்டு. இருக்கட்டும். குறைவாக ஓடினால் டயர் தேயாது. துரு கிலோமீட்டர் பார்த்துத் தின்பதில்லை, ஈர ஷெட்டில் நின்ற இடத்திலேயே தின்னும்.

எனவே பெயிண்ட் வெளுத்து, சீட் கிழிந்து, எஞ்சின் இறுகிப்போய், ஸில்லும் தரைத்தகடும் மட்டும் கெட்டியாக இருக்கிற கார் கிடைத்தால் எடுத்துச் செய்யுங்கள். ‘சமீபத்தில் புதுப்பித்தது’ என்று பளபளப்பாக நிற்பதைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். வேலை நடந்தபோது எடுத்த போட்டோக்களைக் கேளுங்கள். வெட்டிய இடம், புதுத் தகடு, வெல்டிங் எல்லாம் தெரிய வேண்டும். நன்றாகச் செய்தவர் யாரும் போட்டோ எடுக்காமல் இருந்ததில்லை. பெருமைக்காகவாவது எடுத்து வைத்திருப்பார்.

பதிவு எண்ணைத் தட்டினால் பழைய எம்.ஓ.டி. முடிவுகளை அரசு இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். கென்ட் காருக்கும் தட்டிப் பார்த்தோம். கடைசிச் சோதனையில் ஸில் துரு பற்றி ஓர் எச்சரிக்கை, அதற்குப் பிறகு பதிவே இல்லை.

விலக்கு பெற்ற காரையும் விருப்பப்பட்டால் சோதனைக்குக் கொண்டுபோகலாம். அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. சோதிப்பவர் கார்ப்பெட்டைத் தூக்க மாட்டார், எதையும் கழற்ற மாட்டார். ஆகவே அதிலும் தப்புகிற கார்கள் உண்டு. ஆனாலும் நண்பர் இப்போதெல்லாம் விற்பவரிடம் போனிலேயே முதல் கேள்வியாக, ‘என் செலவில் ஒரு எம்.ஓ.டி. பார்த்துவிடலாமா?’ என்று கேட்டுவிடுகிறார். சிலர் சரி என்கிறார்கள். பாதிப்பேர், வேறு ஒருவர் பார்க்க வருவதாகச் சொல்லிப் போனை வைத்துவிடுகிறார்கள்.