உங்களுக்குத் தெரியுமா?

லினக்ஸ் உபயோகிக்கும் அன்பர் ஒருவர், ஆர்டுயினோ ஊனோ பலகையிலுள்ள ஏட்மெகா328பி என்னும் மைக்ரோகண்ட்ரோலருக்கு, அதாவது 32 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகமும் 2 கிலோபைட் ரேமும் மட்டுமே வாய்த்த அந்தச் சின்னஞ்சிறு சில்லுக்கு, நிரல் எழுத விரும்பினால், மென்பொருள் எதையும் விலைகொடுத்து வாங்க வேண்டிய அவசியமில்லை. சி மொழியில் எழுதியதைச் சில்லு அறியும் பாஷைக்கு மாற்றும் ஜிசிசி-ஏவிஆர், அதற்குத் துணையான ஏவிஆர்-லிப்சி, நிரலைச் சில்லில் ஏற்றும் ஏவிஆர்டியூட் ஆகிய மூன்றும் டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டின் களஞ்சியத்திலேயே சித்தமாக இருக்கின்றன. இவற்றுள் ஏவிஆர்டியூட், ஆதியில் ஃப்ரீபிஎஸ்டி என்னும் மற்றொரு சுதந்திர இயங்குதளத்திற்காகப் பிரையன் டீன் என்பவர் இயற்றியது என்பது விசேஷம். பழைய 8051 வம்சத்துச் சில்லுகளுக்கோ, சந்தீப் தத்தா தொடங்கிவைத்த எஸ்டிசிசி கம்பைலர் உண்டு. ஆர்டுயினோ பலகையைக் கணினியுடன் இணைத்தபின் அனுமதி மறுக்கப்பட்டதாகத் திரை அறிவித்தால் மனம் தளர வேண்டாம். உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் (dialout) என்னும் பயனர் குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள்.