கூரையில் சோலார் இருந்தும் கடைக்குள் இருட்டு ஏன்?

2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு அமுலுக்கு வந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. டொலர் இல்லை, அதனால் எரிபொருள் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைவு. சரியாக மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 3ஆம் திகதி, தலைநோன்பு.

அந்த நாட்களில் பாலமுனையில் எனது கடை வாசலில் நடந்த ஒரு விடயத்தைச் சொல்கிறேன். உச்சி வெயில். கடைக் கூரையில் 5 கிலோவாட் சோலார் பெனல்கள் பளபளக்கின்றன, 2018இல் பூட்டியவை. ஆனால் கடைக்குள் இருட்டு. கோழி இறைச்சி இருந்த இரண்டு பிரீசர்களையும் பழைய போர்வைகளால் போர்த்திவிட்டு, திறக்காமல் காவல் இருக்கிறேன். தெருவால் போன தம்பி ஒருவர் நின்று கேட்டார்:

"என்ன காக்கா, இந்த வெயில் அடிக்கிது, ஒங்கட சோலாருக்கும் மின்வெட்டா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பூட்டித் தந்த கம்பனிக்குப் போன் எடுத்தேன். "அது அப்படித்தான் ஹாஜியார்" என்றார்கள். விற்கும்போது அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு மூட்டை அரிசி வாங்குவதென்றாலும் கையை விட்டுக் கிளறிப் பார்க்கிறவன் நான். இத்தனை லட்சம் ரூபாவை ஒரு கேள்வியும் கேட்காமல் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குப் போன இறைச்சி பெரிய நட்டமில்லை, ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் இந்தக் கட்டுரைக்கான விடயங்கள் எனக்குக் கிடைத்தன.

எமது பகுதியில் கூரைகளில் இருப்பவற்றுள் அனேகமானவை மின்சார லைனோடு இணைந்து வேலை செய்பவை. பெனலில் உண்டாகும் மின்சாரம் பெட்டரிக் கரண்ட் வகையைச் சேர்ந்தது. அதை வீட்டுக்கு ஏற்ற 230 வோல்ட் கரண்டாக மாற்றுவது இன்வேர்ட்டர். இந்த இன்வேர்ட்டர் தானாக நடக்கத் தெரியாத பிள்ளை மாதிரி. வெளியே லைனில் வரும் கரண்டின் தாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். லைனில் கரண்ட் நின்றால் ஓரிரு வினாடிக்குள் தானும் நின்றுவிடும். இது பழுதல்ல, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. லைன் செத்துவிட்டது என்று நம்பி ஊழியர் ஒருவர் கம்பத்தில் ஏறி வேலை செய்யும்போது எனது கூரையிலிருந்து கரண்ட் போனால் அவரது உயிர் போய்விடும்.

ஆகவே பெட்டரி இல்லாத இந்த வகை சோலார் மின்சாரக் கட்டணத்தைக் குறைக்கும், மாதாமாதம் காசும் தரும். மின்வெட்டிலிருந்து காப்பாற்றாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் நான் ஏமாந்தேன்.

காசுக் கணக்கையும் பார்ப்போம். அலகுக்கு அலகு கழித்துக்கொள்ளும் முறை 2010 முதல் இருந்தாலும், சோலார் ஊருக்குள் பரவியது 2016 செப்டெம்பரில் அரசாங்கம் 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தை ஆரம்பித்த பிறகுதான். அதில் மீதி மின்சாரத்தைக் காசுக்கு விற்கும் வழி திறந்தது. முதல் 7 வருடத்துக்கு அலகுக்கு 22 ரூபா, பிந்திய 13 வருடத்துக்கு 15 ரூபா 50 சதம். எனது ஒப்பந்தமும் அதுவே, 2025இல் எனக்கு 15.50 ஆகிவிட்டது. நெருக்கடிக்குப் பின் 2022 கடைசியில் புதியவர்களுக்கு 37 ரூபா என்றார்கள். 2024இல் அது 27 ரூபாவானது. 2025இல் இன்னும் இறங்கி, 5 கிலோவாட் வரையான சிறிய தொகுதிகளுக்கு 20 ரூபா 90 சதமானது. அதைவிடப் பெரியவற்றுக்கு அதிலும் குறைவு.

ஒரு கிலோவாட் பெனல் எமது வெயிலுக்கு மாதம் சுமார் 100 முதல் 120 அலகு தரும். 5 கிலோவாட் என்றால் 500 முதல் 600 அலகு. முழுவதையும் விற்றால் 37 ரூபாக் காலத்தில் குறைந்தது 18,500 ரூபா வந்திருக்கும். 20.90க்கு அது 10,450 ரூபா. அதே கூரை, அதே வெயில். கையெழுத்து வைத்த திகதிதான் வித்தியாசம். இந்த விலைகள் அடிக்கடி மாறுவதால், விற்பனைக்கு வருகிற பையன் காட்டும் தாளை நம்பாமல் அன்றைய விலையை மின்சார அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை ஏன் இறங்கியது என்பதும் வியாபாரி அறியவேண்டிய விடயம். 2024இல் நாட்டின் கூரைச் சோலார் 1000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அது பகலில் மட்டும் வருகிற சரக்கு. இரவு ஏழு மணிக்கு எல்லோரும் லைட் போடும்போது கைவசம் இல்லை. சந்தையில் ஒரே நேரத்தில் மீன் குவிந்தால் விலைக்கு என்ன நடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பகல் நாடு முழுவதும் இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் வந்தது என்று அமைச்சர் சொல்ல, உலகமே சிரித்தது. குரங்கு காரணமாக இருக்கலாம், ஆனால் ஒரு குரங்கால் ஒரு நாடே விழுவதற்கு வேறு காரணமும் இருக்கவேண்டும். அரிசி மில்லில் எஞ்சினோடு பாரமான சக்கரம் ஒன்று சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். திடீரெனப் பாரம் கூடினாலும் அந்தச் சக்கரத்தின் வேகம் எஞ்சினை நிற்கவிடாது. பெரிய மின்நிலையங்களின் சுழலிகள் நாட்டின் மின்வலையமைப்புக்கு அப்படிப்பட்ட சக்கரங்கள். சோலாரில் சுற்றுவது எதுவுமில்லை. விடுமுறை நாளில் பாவனை குறைந்து, சோலார் கூடி, சுழலிகள் குறைந்திருக்கும் நேரத்தில் ஒரு சிறு அதிர்ச்சியைக்கூட வலையமைப்புத் தாங்காது. அதனால்தான் அதே வருடம் ஏப்ரலில் சித்திரை வருடப்பிறப்பு விடுமுறை நாட்களில், பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது.

இதற்கெல்லாம் மருந்து பெட்டரிதான். பகல் சரக்கை இரவுக்குக் களஞ்சியப்படுத்துவது. எனது கடையில் பிறகு செய்த மாற்றமும் அதுவே. பழைய இன்வேர்ட்டரைக் கழற்றி, லைனோடும் ஓடக்கூடிய, லைன் போனால் தன்னைத் துண்டித்துக்கொண்டு பெட்டரியில் ஓடக்கூடிய ஹைபிரிட் இன்வேர்ட்டரைப் பூட்டினேன். இப்போது லைன் போனால் கடையின் எல்லாமும் ஓடாது. பிரீசர் இரண்டு, லைட், ஒரு பேன், பில் போடும் மெசின், இவற்றுக்கு மட்டும் தனி வயர் இழுத்திருக்கிறேன். இவை சராசரியாக 500 வாட் எடுக்கின்றன. 5 கிலோவாட் மணி லித்தியம் பெட்டரியில் பாவிக்கக்கூடியது நாலு அலகுக்கு மேல். சூரியன் இல்லாமலே எட்டு மணித்தியாலம் போதும். பகலென்றால் பெனலே பார்த்துக்கொள்ளும்.

ஈய அமில பெட்டரி விலை குறைவு என்று போவோர் கவனிக்கவேண்டும். அதில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் சீக்கிரம் முடியும். அதாவது 10 வாங்கி 5ஐப் பாவிக்கிறீர்கள். இன்னொன்று, பிரீசர் மோட்டர் உதைத்துக் கிளம்பும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் எடுக்கும். இன்வேர்ட்டர் அதற்குத் தாக்குப்பிடிக்குமா என்று கேளுங்கள். ஏசியை பெட்டரியில் ஓட்டும் ஆசை இருந்தால் முதலில் அந்த ஆசையை விடுங்கள்.

எமது கரையோரத்துக்கென்று தனிக் கவலைகளும் உண்டு. கொழும்பில் கணக்குப் போட்டு வருகிறவர்களுக்கு இது விளங்குவதில்லை. எமக்கு மாரி நவம்பரிலிருந்து ஜனவரி வரை. மின்கம்பங்கள் விழுகிற காலமும் அதுதான், வெயில் குறைகிற காலமும் அதுதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டியபோது பல பிரதேசங்கள் மின்சாரமின்றி இருந்ததைக் கண்டோம். ஆகவே பெட்டரியின் அளவை மாரிக்குக் கணக்கிடவேண்டும், ஆகஸ்ட் வெயிலுக்கல்ல.

உப்புக்காற்று அடுத்தது. சாதாரண இரும்புச் சட்டமும் ஆணியும் சில வருடத்தில் துரு தின்றுவிடும். அலுமினியச் சட்டமும் துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளும்தான் வேண்டும். பெனல் உப்புக்காற்றுப் பரிசோதனையில் தேறியதா என்பதற்குத் தாள் கேளுங்கள். கூரை பழைய அஸ்பெஸ்டஸ் என்றால் அது பாரத்தையும் காற்றையும் தாங்குமா என்று முதலில் பாருங்கள். தென்னை ஓலையின் நிழல் ஒரு பெனலில் விழுந்தாலும் வரிசையாகத் தொடுத்த மற்றப் பெனல்களின் உற்பத்தியும் குறையும். பக்கத்து வளவுக்காரரின் தென்னையென்றால், பூட்டுவதற்கு முன்பே அவரோடு பேசிவிடுவது நல்லது.

காசு எப்படித் தேடுவது? 2017இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கூரைச் சோலாருக்கென 50 மில்லியன் டொலர் கடன் வசதி தந்தது, அது வங்கிகள் ஊடாக வட்டிக் கடனாக வந்தது. வட்டி வேண்டாம் என்போருக்கு இஸ்லாமிய வங்கி முறையில் முறாபஹா உண்டு. வங்கி பொருளை வாங்கி, இலாபம் வைத்து உங்களுக்குத் தவணைக்கு விற்கும். விலை முதலிலேயே முடிவாகிவிடும். ஆனால் அலகு விலை இறங்கிய இந்தக் காலத்தில், சோலார் வருமானத்தால் மட்டும் தவணை கட்டலாம் என்று எவராவது சொன்னால், உங்கள் கடந்த பன்னிரண்டு மாத மின்பட்டியலை எடுத்துவைத்து, அவர் முன்னாலேயே கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அன்று கேள்வி கேட்ட தம்பி இப்போது தனது பேக்கரிக்குச் சோலார் போட யோசிக்கிறார். போன கிழமை வந்து, "காக்கா, எத்தின கிலோவாட் போடலாம்?" என்றார். அவண் கரண்டில் ஓடுகிறதா காஸில் ஓடுகிறதா, மா பிசையும் மெசின் இரவில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன். இன்னும் வரவில்லை.